மலைப்பக்கம்

என்னிடம் பன்னிரண்டு மலைகள் இருக்கின்றன. பன்னிரண்டும் ஓர் உள்ளங்கையில் அடங்கும். ரோமாபுரி ராஜாக்கள் ஆண்ட காலத்தில், அவர்களுக்குக் கீழே இருந்த தூர தேசத்து ஊர்களில் அடித்த செப்புக் காசுகள். ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் அந்தந்த ஊர் மலை. இதைச் சொன்னதும் அடுத்து என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். "எவ்ளோக்குப் போகும்?" அதைக் கேட்கிறவராக இருந்தால் நீங்கள் இங்கேயே எழுந்து போகலாம், எனக்கு வருத்தம் இல்லை.

என் பெயர் சகாயநாதன். ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு அலுமினிய வார்ப்புப் பாகங்கள் செய்கிற கம்பெனியில் கேஜ் ரூம் என் பொறுப்பு. அதாவது, பாகங்களை அளக்கிற கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று அளந்து பார்க்கிற அறை. தலைமுடியைப் பல கூறாக வகிர்ந்தால் வரும் அளவுக்கு ஒரு பிழை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். பார்த்த பெண்களிடமும் அதையே செய்ததால்தான் நாற்பத்தெட்டு வயதில் ஒண்டிக்கட்டையாக நிற்கிறேன் என்று என் தங்கை சொல்லுவாள். அவள் சொல்வதில் தப்பில்லை. வந்த ஒவ்வொரு ஜாதகமும், மன்னிக்கவும், எங்களில் ஜாதகம் கிடையாது, வந்த ஒவ்வொரு போட்டோவும் எனக்கு ஏதோ ஓர் அளவில் வரம்புக்கு வெளியே போயிற்று.

முதல் மலை 2001-ல் வந்தது. கம்பெனிக்குப் புதிதாக ஓர் அளக்கும் மெஷின் வாங்கினார்கள். அதை நிறுவ ஒரு ஜெர்மன்காரர் வந்து மூன்று வாரம் என் அறையில் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். நானும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிருஷ்ணகிரி அணை பார்க்கக் கூட்டிப் போனேன். போகும் வழியில் சூளகிரி மலையைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரமாகப் பத்து நிமிடம் நின்றார். ஊருக்குக் கிளம்பும் நாளில் பர்ஸிலிருந்து ஒரு கறுத்த காசை எடுத்து என் கையில் வைத்தார். துருக்கிக்குச் சுற்றுலா போனபோது வாங்கியதாம். "உங்கள் மலை மாதிரியே இருக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

எனக்கு யாரும் எதையும் கையில் கொடுத்துப் பழக்கமில்லை. கம்பெனி பஸ்ஸில் சூளகிரி வந்து சேரும்வரை அந்தக் கையை மூடியே வைத்திருந்தேன்.

சூளகிரியில்தான் வாடகைக்கு இருக்கிறேன், இருபது வருடமாக. ஓசூரைவிட வாடகை குறைவு என்று வந்தவன் மலைக்காகத் தங்கிவிட்டேன். வீட்டுக் கதவைத் திறந்தால் மலை. காசைத் திருப்பினாலும் மலை. உச்சியில் ஒரு நட்சத்திரம், அடியில் பீடம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பல வாரம் தேடி, அது ஆர்கேயஸ் என்கிற மலை என்றும், செசரியா என்ற ஊர்க்காரர்கள் அந்த மலையையே சாமியாகக் கும்பிட்டார்கள் என்றும், அதனால்தான் பீடத்தில் ஏற்றிக் காசில் அடித்தார்கள் என்றும் தெரிந்துகொண்டேன். திருவண்ணாமலைக்காரர் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு ஏழு வருடத்தில் பதினொரு காசு வாங்கினேன். வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் போட்டு, பதிவுத் தபாலில் வரவழைத்து, கஸ்டம்ஸ்காரர்கள் பிரித்து ஒட்டிய கவரை சூளகிரி போஸ்டாபீசில் கையெழுத்துப் போட்டு வாங்குவேன். கோயிலுக்குப் படி ஏறுகிற கெரிசிம் மலை ஒன்று. மரங்கள் நிற்கிற வியாரஸ் மலை ஒன்று. மற்றவை ஆர்கேயஸ்தான், வேறு வேறு ராஜா காலத்தில், வேறு வேறு கைகள் வெட்டிய அச்சில். யானை, சிங்கம், தேவதை போட்ட காசெல்லாம் எனக்கு வேண்டாம். மலை இருந்தால்தான் வாங்குவேன்.

வாங்கிவிட்டால் போதுமா? யாருக்காவது காட்ட வேண்டுமே. வீட்டு ஓனர் ஆஞ்சப்பனிடம் காட்டினேன். "இத உண்டியல்ல போட்டாக்கூட பூசாரி எடுத்துக்க மாட்டாருங்க" என்று திருப்பிக் கொடுத்தார். பங்குச்சாமியாரிடம் காட்டினேன். ராஜா தலையைப் பார்த்தார், ராஜாவுக்கு உரியதை ராஜாவுக்குக் கொடு என்கிற வேத வசனம் நினைவுக்கு வந்து, அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு ஆயிற்று என்று சந்தோஷப்பட்டார், காசைத் திருப்பவே இல்லை. எங்கள் மேனேஜர் மோகன்குமார், என்னைவிடப் பத்து வயது சின்னவர், "எவ்ளோக்குப் போகும் சகாயம்?" என்றார். அன்றோடு காட்டுவதை நிறுத்திவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. யாராவது ஒருவர் உட்கார்ந்து, காசைத் திருப்பி, மலையை நிதானமாகப் பார்க்க வேண்டும். பாராட்ட வேண்டாம். பார்த்தால் போதும்.

2005 மழையில் என் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறியது. ஈரம் பட்டால் பழைய செம்பில் பச்சையாக ஒரு பொடி பூக்கும். பூத்தால் பக்கத்துக் காசுக்கும் தொற்றி, உள்ளே அரித்துத் தின்றுவிடும். ஒரு காசில் அந்தப் பச்சையைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, நான் வேலை பார்க்கிற அறை வருடம் முழுக்க இருபது டிகிரியில், ஈரப்பதம் ஏறாமல் இருக்கிற அறை. கருவிகளுக்குக் கொடுக்கிற மரியாதையை மனிதர்களுக்கும் கொடுத்தால் கம்பெனி எங்கேயோ போயிருக்கும். பொடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அளவுக் கட்டைகள் வந்த காலி மரப்பெட்டி ஒன்றில் வெல்வெட் குழிகளில் காசுகளை அடுக்கி, அடி டிராயரில் வைத்தேன். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் பெட்டியைத் திறப்பேன். பெரும்பாலும் ஜெர்மன்காரர் கொடுத்ததைத்தான் எடுப்பேன். மற்ற பதினொன்றையும் வந்த உடனே மைக்ராஸ்கோப்பில் வைத்து விளிம்பு, முகம், எழுத்து என்று ஆராய்ந்திருக்கிறேன். அதை மட்டும் வைத்ததில்லை. ஒருவர் கையால் கொடுத்ததை யாராவது சோதித்துப் பார்ப்பார்களா?

2008 செப்டம்பரில் சென்னம்மா என் அறைக்கு வந்தாள். உத்தனப்பள்ளிக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். கான்ட்ராக்ட் ஆள். ஒன்பது வருடமாக ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, வார்ப்புப் பாகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் வைக்கிற வேலை. நவம்பரில் பெரிய ஆடிட் வருகிறது, கருவிகளின் பட்டியலைப் புதுப்பிக்க ஆள் வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். டிப்ளமோ படித்த ஒருவரை அனுப்புவார்கள் என்று பார்த்தால், பிளஸ் டூ படித்த இந்த அம்மாவை அனுப்பினார்கள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ் என்று மூன்றையும் கலந்து பேசுவாள். எழுத்து மட்டும் அச்சுக் கோத்தது போல இருக்கும்.

ஒருநாள் நான் பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது தன் மேஜையிலிருந்தே கேட்டாள்.

"அது எந்த பார்ட்டு சார்? டெய்லி பாக்கறீங்களே."

"உங்களுக்கு விளங்காதும்மா. நீங்க லிஸ்ட்டப் பாருங்க" என்றேன்.

அவள் சரி சார் என்று குனிந்துகொண்டாள். ஊரெல்லாம் ஆள் தேடியவன், எட்டடி தூரத்தில் இருந்தவளிடம் இப்படித்தான் சொன்னேன்.

கல்லறைத் திருநாளுக்கு நான் தவறாமல் ஊருக்குப் போவேன். அப்பா, அம்மா கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அந்த வருடம் நவம்பர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை கிளம்பி செவ்வாய்க்கிழமை திரும்பினேன். சனிக்கிழமை மதியம் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது செல்போன் மூன்று தடவை அடித்தது. ஓசூர் நம்பர். எனக்கு யார் போன் செய்யப் போகிறார்கள், கம்பெனிதான், லீவு நாளிலும் உயிரை வாங்குகிறார்கள் என்று எடுக்கவில்லை. சுண்ணாம்புக் கையோடு எடுக்கவும் முடியாது என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அறைக்குள் நுழைந்து வழக்கம்போலப் பெட்டியைத் திறந்தேன். முதல் குழி காலி. இரண்டாவது குழியில் இருந்த காசை எடுத்தேன். ராஜாவின் பிடரிக்குப் பின்னால், நான் இத்தனை வருடம் மூச்சுக்கூடப் படாமல் பார்த்துக்கொண்ட கறுப்பு மேற்பரப்பில், பளீரென்று புதுச் செம்பாக 412 என்று வெட்டியிருந்தது. அடுத்ததில் 413. அடுத்ததில் 414. கருவிகளுக்கு நம்பர் போடுகிற மின்சாரப் பேனாவால் வெட்டிய எழுத்து. அச்சுக் கோத்தது போன்ற எழுத்து.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "யாரு?" என்றேன்.

சென்னம்மா எழுந்து நின்றாள். "நான்தான் சார். நம்பர் இல்லாத பொருளு எதுவும் ரூமுல இருக்கக் கூடாது, அல்லாத்தையும் செவப்புப் பொட்டியில போடுன்னு மேனேஜரு சொல்லிட்டாரு. சனிக்கெழம சாயந்தரம் ஸ்கிராப் வண்டி வந்துச்சு. பொட்டியில போட்டா போனதுதான். வெளிய எடுத்துட்டுப் போலாம்னா கேட்ல எங்க பையக் கொட்டிப் பாப்பாங்க, திருட்டுன்னுடுவாங்க. உங்களுக்கு மூணு தடவ போன் போட்டன் சார்."

"அதுக்கு?"

"வூட்ல பாத்தரத்துக்குப் பேரு வெட்டுவமில்ல, அதாட்டம் வெட்டிட்டன். நம்பர் இருந்தா யாரும் தொட மாட்டாங்கல்ல சார்."

கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். "யாரக் கேட்டு வெட்டுனிய? இது என்ன ஒங்க வீட்டுச் சொம்பா? ஆயிரத்தெண்ணூறு வருசம் மண்ணுக்குள்ள கெடந்துச்சு, ஒருத்தனும் கை வைக்கல. நீங்க ஒரே நாள்ல நாசம் பண்ணிட்டிய! கண்ணு இருக்கா ஒங்களுக்கு? பாக்கத் தெரியாதவங்கல்லாம் எதுக்கு இதத் தொடுதிய?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையை ஓங்கி மேஜையில் அடித்தேன். அவள் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் குழிக் காசைத் தேடினேன். ஜெர்மன்காரர் கொடுத்தது. அலமாரியில், சந்தேகத்துக்கு உரிய பொருட்களை வைக்கிற மஞ்சள் தட்டில் கிடந்தது. ஒரு மஞ்சள் அட்டை நூலில் கட்டியிருந்தது. அட்டையைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் காசைப் புரட்டிப் பார்த்தேன். நம்பர் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. மின்சாரம் போயிருக்கும், அல்லது வண்டி கிளம்பியிருக்கும், எப்படியோ தப்பித்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

அன்றே மோகன்குமாரிடம் போனேன். "இந்தம்மா கேஜ் ரூமுக்குச் சரிப்பட்டு வர மாட்டாங்க. பழைய எடத்துக்கே அனுப்பிருங்க" என்றேன். ஆடிட் நெருங்குகிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எழுதியே கொடுத்துவிட்டேன். புதன்கிழமையிலிருந்து அவள் மறுபடி டியூப்லைட்டுக்குக் கீழே நின்றாள். ஆடிட் வந்தது. வெள்ளைக்கார ஆடிட்டர் என் பட்டியலைப் புரட்டி, இவ்வளவு சுத்தமான பட்டியலை நான் பார்த்ததில்லை என்றார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பெட்டியைத் திறக்கவே பிடிக்காமல் போயிற்று. நம்பர் போட்ட பதினொன்றையும் அடி டிராயரிலேயே விட்டுவிட்டு, தப்பிப் பிழைத்த ஒன்றை மட்டும் ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துச் சட்டைப் பையில் கொண்டுபோனேன். என்னிடம் மிச்சம் இருக்கிற ஒரே மலை என்று அதைக் காலையும் மாலையும் பார்த்தேன்.

அந்த டிசம்பரில் ஓசூருக்கு என்ன ஆயிற்று என்று சிப்காட்டில் இருந்தவர்களுக்கு மறக்காது. அமெரிக்காவில் எதுவோ கவிழ்ந்தது, இங்கே லாரி ஓடவில்லை. வாரத்தில் மூன்று நாள் கம்பெனி மூடியது. கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தச் சொல்லிப் பட்டியல் வந்தது. ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் அத்தனை பேரும் போனார்கள். கேஜ் ரூம் ஆட்களைத் தொடவில்லை, கருவிகளைச் சும்மா விட முடியாதே. நான் எழுதிக் கொடுத்த அந்தத் தாள் இல்லையென்றால் அவளுக்கு வேலை இருந்திருக்கும். கடைசி நாள் மாலை கேட்டில் வரிசையாக நின்று அடையாள அட்டையையும் ஷூவையும் ஒப்படைத்தார்கள். நான் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இருந்தேன். சென்னம்மா ஷூவைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் தினத்தந்தியை விரித்துக்கொண்டேன்.

ஜனவரி இரண்டாம் வாரம், எந்தெந்தக் கருவிக்கு மறுசோதனை நாள் வருகிறது என்று பார்க்க அவள் எழுதிய பெரிய ரிஜிஸ்டரை எடுத்தேன். 411 வரை எல்லாம் ஆங்கிலத்தில், கட்டம் கட்டமாக. 412 எங்கே என்று பார்த்தால் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவும் என்று பென்சிலில் குறிப்பு. கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். அங்கே தமிழில் எழுதியிருந்தாள்.

'412. வட்டம் சரியில்லை. ஒரு பக்கம் ராஜா தலை, தாடி உண்டு. மறுபக்கம் மலை, இரண்டு உச்சி, இடது உச்சி உயரம். எண் தலைப்பக்கம் வெட்டப்பட்டது. மலைப்பக்கம் தொடவில்லை.'

'415. மலை மேல் கோயில். கீழிருந்து படி போகிறது. தெரிந்தவரை எண்ணினேன், பதினாறு. அதற்கு மேல் தேய்ந்துவிட்டது. எண் தலைப்பக்கம். மலைப்பக்கம் தொடவில்லை.'

'418. மலையில் மூன்று மரம். நடு மரம் மட்டும் வழவழப்பு. கட்டை விரல் வைக்கும் இடம், ரொம்பப் பேர் கை பட்டிருக்கும். எண் தலைப்பக்கம். மலைப்பக்கம் தொடவில்லை.'

பதினொரு காசுக்கும் இப்படி. படிகளை நான் எண்ணியதே இல்லை. நடு மரத்தின் வழவழப்பை அச்சுப் பிழை என்று நினைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை, ஸ்கிராப் வண்டி வெளியே ஹாரன் அடிக்க, அவள் உட்கார்ந்து, ஒவ்வொரு காசையும் திருப்பி, மலையைப் பார்த்திருக்கிறாள். நான் ஏழு வருடம் கேட்டது அதைத்தான். அது நடந்திருக்கிறது, நான் இல்லாதபோது.

பக்கத்தின் அடியில் இன்னொரு பதிவு இருந்தது. அதற்கு எண் இல்லை.

'மலை மேல் நட்சத்திரம், அடியில் பீடம். மற்ற பதினொன்றும் அச்சில் வைத்து அடித்தது. இது வார்த்தது. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் புளோ ஹோல் மூன்று. விளிம்பில் பார்ட்டிங் லைன் தேய்த்து மறைத்திருக்கிறது. சிவப்பில் போட வேண்டும். சார் தினமும் இதைத்தான் எடுத்துப் பார்க்கிறார். அதனால் மஞ்சளில் வைத்திருக்கிறேன். சார் வந்ததும் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.'

முடிவு என்ற கட்டம் காலியாக இருந்தது.

சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். காசை மைக்ராஸ்கோப்பில் வைக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், உருக்கிய உலோகத்தில் காற்றுக் குமிழ் சிக்கி உண்டாகும் சின்ன ஓட்டைகள். மூன்று. காசை நிமிர்த்தி விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு பாதி அச்சு சேர்கிற இடத்தில் வரும் கோடு, அரம் போட்டு ராவியும் முழுசாகப் போகாமல், ஓரிடத்தில் மயிரிழையாகத் தெரிந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை பார்க்கிற பிழைகள். அந்தக் காலத்து ஊர்களில் இந்தக் காசுகளை அச்சில் வைத்து அடிப்பார்கள், வார்க்க மாட்டார்கள். சுற்றுலாக்காரர்களிடம் விற்பதற்கென்றே புதிதாகச் செய்த சரக்கை ஜெர்மன்காரரிடம் தள்ளியிருக்கிறார்கள். அவருக்கும் தெரிந்திருக்காது, பாவம். என் பதினொரு அசலும் இந்த ஒரு போலியின் பின்னால் வந்தவை. இதற்குத்தான் நான் மெழுகுவர்த்தி நேர்ந்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல், முந்தின நாளே கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு உத்தனப்பள்ளிக்குப் போனேன். விசாரித்ததில், ராயக்கோட்டை ரோட்டோரம் ஒரு தக்காளிக் கொட்டகையைக் காட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கீழே உட்கார்ந்து தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு. சென்னம்மாவின் கைதான் எல்லோரையும்விட வேகமாக ஓடியது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். வேண்டாம் என்று நானும் ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

"வாங்க சார். என்ன இந்தப் பக்கம்?"

"ரிஜிஸ்டர் பாத்தேன்" என்றேன். "நீங்க எழுதுனது சரி. அது வார்ப்புதான்."

"அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தன் சார்." ஒரு தக்காளியைத் திருப்பிப் பார்த்துக் கழிவில் போட்டாள்.

"நான் பேசுனது தப்பு. எழுதிக் குடுத்தது அதவிடத் தப்பு. உங்க வேல போனதுக்கு நான்தான் காரணம்."

"வுடுங்க சார். அல்லாருக்குந்தான் போச்சு." கை நிற்கவில்லை. "இங்கயும் பாக்கற வேலதான். நின்னு பாத்தன், இப்ப குந்திக்கினு பாக்கறன்."

மறுபடி ஆள் எடுத்தால் மோகன்குமாரிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லுங்க சார் என்றாள். இரண்டு பேருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. நான் பெட்டியை மடியில் வைத்துத் திறந்து அவள் பக்கம் நீட்டினேன்.

"நான் இத யாருக்கும் சரியாக் காட்டுனதில்ல. ஒவ்வொண்ணும் எந்த ஊரு, எந்த மலைன்னு சொல்றேன். ஒரு பத்து நிமிசம் பாருங்க, சென்னம்மா."

அவள் கை அப்போதுதான் நின்றது. முந்தானையில் கையைத் துடைத்தாள். ஆனால் அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"வேணாங்க சார். நான் பாத்தா ஏதாவது கண்ணுல பட்டுரும். படாதாட்டம் பாக்கறதுக்கு எனக்கு வராது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். பெட்டியை மூடினேன். எழுந்தபோது அவள் ஒரு பையில் தக்காளியைப் பொறுக்கிப் போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நான் ரோட்டுக்கு ஏறும்போது பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"சார், அந்த மூணு மரம் வெச்சது. ஓரத்துல பச்சையா ஒரு புள்ளி இருந்துச்சு. கடுகு சைசு. பாத்துக்கங்க, பரவிடப் போவுது."

பஸ்ஸில் கூட்டம் இல்லை. உட்கார்ந்ததும் பெட்டியைத் திறந்து 418-ஐ எடுத்தேன். மலையைப் பார்த்தேன், மூன்று மரத்தையும் பார்த்தேன், பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் விளிம்பை மெதுவாகச் சுற்றினேன். கடுகளவுக்குப் பச்சை. இத்தனை வருடம் என் கையில் இருந்த காசு, நான் பார்க்கவே இல்லை.

"இங்க பாருங்க" என்று திரும்பினேன். பக்கத்து சீட்டில் தக்காளிப் பைதான் இருந்தது.